அரசிலை விழுங்கிய ட்ரவுட்

மிச்சமிருந்தது ஒரேயொரு ஸ்பின்னர். அதிலும் தகடு இல்லை.

பாலச்சந்தர் தூண்டில் பெட்டியைக் குசினி மேசையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தகடில்லாத அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. பெப்ரவரி முதலாம் திகதி. அவர்கள் போகும் ஆற்றுத் துண்டில் ட்ரவுட் பிடிப்பதற்கான தடை நீங்கும் முதல் நாள். வேபர் ஆறரைக்குக் கீழே நிற்பார். வேபருக்கு ஆறரை என்றால் ஆறரைதான், ஆறு முப்பத்தொன்று வேறு ஒரு நேரம்.

ஸ்பின்னர் ஒன்றும் பெரிய இயந்திரமில்லை. ஒரு கம்பி, அதன் அடியில் ஒரு கொக்கி, நடுவில் இலை மாதிரி ஒரு சின்னத் தகடு. எறிந்துவிட்டு றீலைச் சுற்றினால் தகடு தண்ணீருக்குள் சுழன்று சுழன்று மின்னும். அதைச் சின்ன மீன் என்று நம்புகிற அளவுக்கு ஒரு ட்ரவுட் முட்டாளாக இருக்க வேண்டும். இரண்டு வருடங்களாக அப்படி ஒரு முட்டாள் பாலச்சந்தருக்கு அகப்படவில்லை. ஆற்றின் அடியில் கிடந்த கற்களுக்குத்தான் அவருடைய ஸ்பின்னர்கள் பிடித்திருந்தன. போன வருடம் மட்டும் ஐந்தை விழுங்கியிருந்தன.

கடைக்கு ஓடலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஊஸ்டர் நகரில் ஞாயிற்றுக்கிழமை பாண் வாங்கலாம், பெற்றோல் அடிக்கலாம். ஸ்பின்னர் வாங்க முடியாது.

வேபரிடம் கேட்கலாம். கேட்டால், "முதல் நாளுக்கு ஆயத்தமில்லாமல் வந்தீர்களா, ஹெர் பாலா?" என்று கேட்டுவிட்டு மிச்ச நாள் முழுக்கப் பேசாமல் நிற்பார். வேபர் அந்தக் கட்டடத்தின் ஹவுஸ்வார்ட். படிக்கட்டில் பனி வழித்து உப்புப் போடுவது, துவைக்கும் அறைக்கு முறை எழுதுவது, யார் சைக்கிளை யார் இடத்தில் விட்டார் என்று விசாரிப்பது எல்லாம் அவர்தான். ஓய்வுபெறுவதற்கு ஒரு வருடம் இருந்தது. இரண்டு வருடம் ஒன்றாக ஆற்றில் நின்றும் 'நீங்கள்' 'நீ'யாக மாறவில்லை.

கம்பித் துண்டு ஏதாவது கிடைக்குமா என்று பாலச்சந்தர் அலுமாரியின் அடித்தட்டில் இருந்த தையல் பேணியைத் திறந்தார். ஒரு காலத்தில் பிஸ்கற் வந்த பேணி. பொத்தான், ஊசி, நூல்கட்டை, சட்டைப்பின், அளவு நாடா. அடியில், ஒரு நூல்கட்டைக்குப் பக்கத்தில், ஒரு சோடித் தோடு. தோட்டில் கொழுவித் தொங்கும் இரண்டு அரசிலைகள்.

இலை மஞ்சளாக மின்னியது. கவரிங். ரஞ்சிதத்தின் தங்க அரசிலை வெல்வெட் பெட்டியில் இருப்பது பாலச்சந்தருக்குத் தெரியும். சும்மா நாளில் போட அதே மாதிரிக் கவரிங்கிலும் ஒரு சோடி அவள் வைத்திருந்ததும் தெரியும். பொத்தானோடும் ஊசியோடும் கிடப்பது வேறென்னவாக இருக்கும்?

ஒரு இலையைக் கழற்றிக் கம்பியில் கொழுவினார். வாயால் ஊதினார். அது சுழன்றது. இவ்வளவு நாளும் கடையில் வாங்கிய ஒன்றும் அப்படிச் சுழன்றதில்லை.

"கெட்டிக்காரன்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மற்ற இலையைப் பேணிக்குள் திரும்பப் போட்டு மூடினார்.

ஆற்றங்கரையில் குளிர் மைனஸ் ஆறு. தூண்டில் வளையங்களுக்குள் தண்ணீர் உறைந்து நூல் ஓட மறுத்தது. பத்து எறிக்கு ஒருமுறை தடியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுப் பனிக்கட்டியைக் கரைக்க வேண்டும். வேபர் அரை மணிக்கு ஒரு வசனம் வீதம் கதைத்தார்.

"மெதுவாகச் சுற்றுங்கள். குளிரில் ட்ரவுட் சோம்பேறி."

பாலச்சந்தர் மெதுவாகச் சுற்றினார். பாலத்துக்குக் கீழே ஆறு ஆழமாகிக் கறுப்பாகக் கிடந்த இடம். நாலாவது எறி. அரசிலை கறுப்புத் தண்ணீருக்குள் இரண்டு முறை மின்னியது. பிறகு தடி வளைந்தது.

"கல்லு," என்றார் பாலச்சந்தர் அலுத்துப்போய்.

கல் மேலே வந்து, வாலால் தண்ணீரை அடித்து, அவருடைய முகத்தை நனைத்துவிட்டு மறுபடி கீழே போனது. அறுபது சென்ரிமீற்றருக்குக் குறையாது. பாலச்சந்தர் பரவசத்தில் மெதுவாகச் சுற்றுவதை மறந்து, றீலைக் கிணற்றுக் கப்பி மாதிரி இழுத்தார். நூல் 'டிக்' என்று அறுந்தது.

வேபர் பக்கத்தில் வந்து அறுந்த நுனியைப் பார்த்தார். "என்ன ஸ்பின்னர் போட்டீர்கள்?"

"அது ஸ்பெஷல்," என்றார் பாலச்சந்தர். மீன் போனாலும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மீன் அவரை மதித்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ரஞ்சிதம் கைத்தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மற்றப் பக்கத்தில் ஷ்லீரனில் இருந்து ஜெயமலர், ரஞ்சிதத்தின் தம்பி பெண்சாதி. வருகிற சனிக்கிழமை ஜெயமலரின் மகள் தனுஷியாவுக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்பு நீராட்டு விழா. மாமி என்ற முறையில் ரஞ்சிதம்தான் முன்னுக்கு நின்று பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும், ஆரத்தி எடுக்க வேண்டும். முன்னூறு சனம் வரும். மூன்று வீடியோக் கமரா வரும். அதையெல்லாம் விட ஜெயமலரின் இரண்டு கண்ணும் வரும்.

"ஓம் மச்சாள், அந்த அரசிலைதான் போடுறன். வேறெதைப் போடுறது? இவர் வந்த புதுசில ரெண்டு விண்டரும் ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவிச் செய்விச்சுத் தந்ததெல்லோ. அதைப் போடாட்டி எனக்குச் சரிவராது."

தொலைபேசியை வைத்தாள். பாலச்சந்தர் தேநீரை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "வெல்வெட் பெட்டியில இருக்கிற சோடியைத்தானே சொல்லுறீர்?"

"விசரே உங்களுக்கு? வெல்வெட் பெட்டியில கிடக்கிறது கவரிங். ஜெயமலர் ஒருக்கா அதைக் கையில எடுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டா. கள்ளன் வந்தா முதல்ல அதைத்தானே தூக்குவான். தங்கத்தை நான் தையல் பேணிக்குள்ளயெல்லோ போட்டு வைச்சிருக்கிறன். எப்பிடி என்ர மூளை?"

தேநீர் பாலச்சந்தரின் மூக்கால் வந்தது.

"என்னப்பா? புரைக்கேறிட்டுதோ?"

"ஓம்," என்றார் பாலச்சந்தர். அந்த இரண்டு மாரியும் கை வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டால் எரிந்தது அவருக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்த எரிவில் பாதி இப்போது ஒரு மீனின் தாடையில் தொங்கிக்கொண்டு பாலத்துக்குக் கீழே உலாவியது.

திங்கள் காலை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மீன் இருக்கிற இடம் தெரியும். குளிர்காலத்தில் ட்ரவுட் இடம் மாறாது என்று வேபரே சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கிறது. முதியோர் இல்லத்துக் குசினியில் அவருக்கு வேலை பதினொரு மணிக்குத்தான். அதே மீனைத் திரும்பப் பிடித்தால் காரியம் முடிந்தது. இவ்வளவு எளிதான திட்டத்தை யோசித்ததற்காக அவர் தன்னை மெச்சிக்கொண்டார்.

வேபரின் கதவைத் தட்டினார். "ஸ்பின்னர் இருக்கா, ஹெர் வேபர்?"

வேபர் உள்ளே போய் ஆறு ஸ்பின்னர்கள் கொண்டுவந்தார். எல்லாம் தங்க நிறம். ஒவ்வொரு தகட்டின் பின்பக்கமும் '4' என்று அடித்திருந்தது. "இந்த ஆற்றுக்கு நாலாம் நம்பர்தான். நம்பர் இல்லாத தகட்டை நான் தொடுவதில்லை. ஆறு தருகிறேன். கவனம்."

அன்று காலை கற்கள் இரண்டை எடுத்துக்கொண்டன. செவ்வாய் காலைக்கென்று நாலு மிச்சம். மீன் நாலாம் நம்பரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

திங்கள் இரவு வேலையால் வந்தபோது ரஞ்சிதம் மேசையில் இருந்தாள். முன்னால் சாமத்திய வீட்டுக்குத் தைத்த புதுச் சட்டை. பக்கத்தில் தையல் பேணி. மூடியிருந்தது. ரஞ்சிதத்தின் முகம் மாவுப் பிட்டு மாதிரி வெளுத்திருந்தது.

"இஞ்சாருங்கோ. உங்களோட ஒண்டு கதைக்கோணும். கோவிக்கக்கூடாது."

கண்டுபிடித்துவிட்டாள். கோபிக்கக்கூடாது என்று தொடங்கிப் பிறகு கிழிகிழியென்று கிழிப்பது அவளுடைய வழக்கம்.

"நில்லும், வேபர் கூப்பிட்டவர். படிக்கு உப்புப் போடோணுமாம்."

"இந்த நேரத்திலயோ?"

"பனி நேரம் பாத்தே வருது?" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்கினார். முக்கால் மணி நேரம் படிக்கட்டில் உப்புத் தூவினார். ஏற்கனவே வேபர் உப்புப் போட்டிருந்த படிகள் அவை. அடுத்த நாள் காலை வேபர் அந்த வெள்ளைப் படிகளைப் பார்த்துவிட்டு, யாரோ தன் வேலையைக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய் காலை இன்னும் இரண்டு ஸ்பின்னர் போயிற்று. மிச்சம் இரண்டு. பாலச்சந்தர் அவற்றைத் தூண்டில் தடியோடு கெல்லரில், அதாவது கட்டடத்தின் நிலவறையில் அவர்கள் வீட்டுக்கென்று இருந்த மரக்கம்பி அடைப்புக்குள், ஆணியில் கொழுவிவிட்டு வேலைக்குப் போனார். வீட்டுக்குள் ஸ்பின்னரைக் கொண்டுபோகவே அவருக்குப் பயமாக இருந்தது.

புதன் விடியவே வேலைக்குக் கூப்பிட்டதால் ஆற்றுக்குப் போக முடியவில்லை. மாலை வந்தபோது ரஞ்சிதம் கோழிக்குழம்பு வைத்திருந்தாள். சாமத்திய வீடு முடியும்வரை வீட்டில் மச்ச மாமிசம் இல்லை என்று அவளே போட்ட சட்டம். அதை அவளே உடைத்து, பெரிய துண்டாகப் பார்த்து அவர் கோப்பையில் போட்டாள்.

"நல்லாச் சாப்பிடுங்கோ. எவ்வளவு பாடுபடுறியள் எங்களுக்காக."

பாலச்சந்தர் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார். மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுப்பிடிக்கிறாள் என்று அவர் நினைத்தார். மகள் மதுஜா அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உங்கட சின்னக் குறடு எங்க? அம்மாவுக்கு வேணுமாம்."

"எதுக்கு?"

"சட்டைக் கொழுக்கி நெளிக்க," என்று ரஞ்சிதம் அவசரமாகச் சொன்னாள்.

வியாழன் காலை கெல்லருக்குப் போனால், தடி இருந்தது. றீல் இருந்தது. ஆணியில் ஸ்பின்னர் இரண்டையும் காணவில்லை.

பாலச்சந்தருக்கு அந்த வாரம் முழுக்கச் சேர்ந்த எரிச்சல் தலைக்கேறியது. நேரே வேபரிடம் போனார்.

"ஹெர் வேபர், உங்கட கெல்லரில கள்ளர் இருக்கினம்!" பிறகு அதையே ஜெர்மனில் சொன்னார். ஜெர்மனில் அது இன்னும் மோசமாகக் கேட்டது.

வேபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். "ஹெர் பாலா. நான் இந்தக் கட்டடத்தில் இருபத்தாறு வருடம். இங்கே ஒரு சாக்ஸ்கூடக் காணாமற்போனதில்லை. என் கெல்லரில் களவு போகாது."

"அப்ப என்ர ஸ்பின்னருக்குக் கால் முளைச்சிட்டுதோ?"

"நேற்று புதன். புதன் உங்கள் வீட்டுத் துவைக்கும் நாள். கெல்லர் சாவி பகல் முழுக்க உங்கள் வீட்டில்தான் இருந்தது."

"அப்ப நானே என்ர ஸ்பின்னரைக் களவெடுத்தன் எண்டு சொல்லுறியளோ?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை. சாவி எங்கே இருந்தது என்று மட்டும் சொன்னேன்." வேபர் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல்தான் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பாலச்சந்தருக்கு அவ்வளவு நொந்திருக்காது.

படிக்கட்டில் நின்று யோசித்தார். அந்த மீன் இரண்டு நாளாக நாலாம் நம்பரை மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் கடித்தது? தங்கத்தைக் கண்டது. ஒருமுறை தங்கத்தை ருசி பார்த்த மீன் பித்தளையைத் தொடுமா? கடையில் வாங்கி எறிந்து பயனில்லை. இந்த யோசனை வந்த கணமே அதைத் தூக்கி எறிந்திருந்தால் அவருக்கு நல்லது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

ரஞ்சிதம் துப்புரவு வேலைக்குப் போயிருந்தாள். தையல் பேணியைத் திறந்து, மிச்சமிருந்த அரசிலையை எடுத்தார். இலையில்லாத தோடுகள் மட்டும் பேணிக்குள் தனியாகக் கிடந்து அவரைப் பார்த்தன.

"ஒரு மணித்தியாலம்தான்," என்று அவற்றிடம் சொன்னார். "ரெண்டையும் கொண்டு வாறன்."

இந்த முறை அவர் முட்டாள் இல்லை. போன தடவை நூல் அறுந்ததால்தானே பிரச்சினை? எனவே போகிற வழியில் கடையில் கம்பியும் கொக்கியும் புதிதாக வாங்கி, அங்கே இருந்ததிலேயே தடித்த நூலையும் வாங்கினார். சுறா பிடிக்கலாம் என்று கடைக்காரப் பெடியன் சொன்னான்.

தடித்த நூல் குளிரில் விறைத்துக் கம்பியாக நின்றது. எறிந்தால் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. முதல் எறி அவருடைய தொப்பியை எடுத்தது. இரண்டாவது எறி ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய், தண்ணீருக்கு மேலே சாய்ந்து நின்ற ஒரு இலையுதிர்ந்த மரத்தின் கொப்பில் மூன்று சுற்றுச் சுற்றித் தொங்கியது.

மரத்தில் ஒரு இலைகூட இல்லை. அந்த ஒரு அரசிலையைத் தவிர.

இழுத்தார். நூல் அறவில்லை, சுறா நூலல்லவா. கொப்பும் முறியவில்லை. முடிச்சுத்தான் கழன்றது. நூல் வெறுங்கையோடு அவரிடம் திரும்பி வந்தது. அரசிலை அங்கேயே வெயிலில் ஆடி ஆடி மின்னியது.

பாலச்சந்தர் தண்ணீருக்குள் இறங்கினார். நாலாவது அடியில் கல் வழுக்கியது. இடுப்புவரை போய், மூச்சு நின்று, கரைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குத் தங்கமும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்றிருந்தது. கரையில் குந்தியிருந்து பல்லுக் கடகடவென்று அடிக்க, அவர் அழுதார். இரண்டு மாரி கோப்பை கழுவியபோதுகூட அவர் அழவில்லை.

வெள்ளிக்கிழமை காய்ச்சல். முப்பத்தொன்பது பாகை. ரஞ்சிதம் இஞ்சிப் பிளேன்ரீ வைத்துத் தந்தாள். கட்டில் விளிம்பில் இருந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இஞ்சாருங்கோ. நான் ஒண்டு சொன்னா என்னை மன்னிப்பியளோ?"

பாலச்சந்தருக்கு இது புது வகைத் தந்திரமாகப் பட்டது. முதலில் தான் அழுவது, பிறகு மற்றவரை அழவைப்பது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குறட்டை விட்டார். அவள் போர்வையை இழுத்துவிட்டு எழும்பிப் போனாள். நாளைக்குக் காலை அவள் தையல் பேணியைத் திறக்கும்போது தானே முந்திக்கொண்டு காலில் விழுந்துவிடுவதென்று அவர் போர்வைக்குள் முடிவெடுத்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. கோட்டுச் சூட்டோடு, காலில் விழ ஆயத்தமாக, பாலச்சந்தர் விறாந்தையில் நின்றார். அறைக் கதவு திறந்தது.

மயில்பச்சைச் சேலை. நெற்றியில் பொட்டு. இரண்டு காதிலும் தோடு. தோட்டின் கீழே, இரண்டு அரசிலை.

மடித்த முழங்காலோடு பாலச்சந்தர் அப்படியே நின்றார்.

"என்ன பாக்கிறியள்?" என்றாள் ரஞ்சிதம், கொஞ்சம் கடுமையாக.

"ஒண்டுமில்லை. வடிவாக் கிடக்கு. உது... தங்கம்தானே?"

"தங்கமில்லாமல் பின்ன பித்தளையோ!" ரஞ்சிதத்தின் குரல் உச்சிக்குப் போனது. "நல்ல நாளும் பெருநாளுமா என்ன கேள்வி கேக்கிறியள்? நேரம் போகுது, காரை எடுங்கோ!"

பாலச்சந்தர் காரை எடுத்தார். நெடுஞ்சாலையில் ஷ்லீரன் வரும்வரை அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். கடைசியில் விடை கிடைத்தது. வெல்வெட்டில் கவரிங்கும் பேணியில் தங்கமும் என்று வைத்தவள், நடுவில் எப்போதோ மாற்றி வைத்துவிட்டு மறந்திருக்கிறாள். அவர் எடுத்தது கவரிங்தான். மீனின் வாயில் கவரிங், மரத்தில் கவரிங். ஒரு வாரக் குளிர், காய்ச்சல், உப்பு, கண்ணீர், எல்லாம் இரண்டு துண்டுப் பித்தளைக்கு! அவருக்கு அவள் மேல் கோபம் வந்தது. அதை விடப் பெரிய நிம்மதியும் வந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது விசிலடித்தார். ரஞ்சிதம் திடுக்கிட்டுத் தன் காதைப் பொத்தினாள்.

மண்டபத்துக்குப் போனபோது வேபர் ஏற்கனவே அங்கே இருந்தார். அழைப்பிதழில் பத்து மணி என்று போட்டிருந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து, முன்னூறு வெறுங்கதிரைகளுக்கு நடுவே தனியாக, மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். கெல்லர் விஷயத்தில் கோபம் இருந்தாலும், வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதால் வந்தவர்.

சடங்கு பன்னிரண்டுக்குத்தான் தொடங்கியது. ரஞ்சிதம் தனுஷியாவின் தலையில் பால் வைத்து, தண்ணீர் வார்த்து, ஆரத்தி எடுத்தாள். மூன்று கமராவும் அவளைச் சுற்றின. மண்டபச் சூடேற்றியின் காற்று மேடைக்கு நேரே அடித்தது. அதில் இரண்டு அரசிலையும் சுழன்று சுழன்று பளிச்சுப் பளிச்சென்று மின்னின.

ஜெயமலர் பக்கத்தில் வந்து காதைக் கூர்ந்து பார்த்தாள். அவள் பார்த்தால் மாற்றுக் குறைந்த தங்கம் தானாகவே கறுக்கும் என்று சனம் சொல்லும்.

"என்ன மச்சாள், புதுசாப் பொலிஷ் பண்ணுவிச்சனீங்களோ? முந்தி இப்பிடி மின்னாதே."

"ஓம், ஓம்," என்றாள் ரஞ்சிதம், ஆரத்தித் தட்டைப் பார்த்தபடி.

"உப்பிடிச் சுத்திற தோடு நான் கண்டதில்லை. எந்த நகைக்கடை எண்டு எனக்கும் சொல்லுங்கோ."

கீழே பாலச்சந்தர் பெருமையில் பூரித்துப்போய் நின்றார். கோப்பை கழுவிய கை வீண்போகவில்லை. மூன்றாவது தடவை வடை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு யாரோடும் பகை வேண்டாம் என்ற பெரிய மனதோடு வேபருக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

"ஹெர் வேபர், வியாழக்கிழமை நான் கத்தினது பிழை. மன்னியுங்கோ."

வேபர் தலையசைத்தார். பிறகு கோட்டுப் பைக்குள் இருந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"நேற்று உங்கள் ட்ரவுட்டைப் பிடித்தேன். பாலத்துக்குக் கீழே. அறுபத்தொரு சென்ரிமீற்றர். தாடையில் உங்கள் ஸ்பெஷல் இருந்தது. இன்னொன்று அக்கரை மரத்தில் தொங்கியது. ஆற்றில் குப்பை விடக்கூடாது, ஏணி கொண்டுபோய் எடுத்தேன்."

"அது ரெண்டும் சும்மா பித்தளை, எறிஞ்சு போடுங்கோ," என்று சிரித்தார் பாலச்சந்தர்.

"பித்தளை இல்லை. பித்தளை இவ்வளவு பாரம் இல்லை. நம்பரும் இல்லை. ஏதோ எழுத்து மட்டும் இருக்கிறது. எந்தக் கொம்பனி?"

பாலச்சந்தர் பெட்டியைத் திறந்தார். இரண்டு அரசிலை. ஒன்றைத் திருப்பினார். காம்புக்குக் கீழே, பத்தர் பொடி எழுத்தில் வெட்டிய 'ர'. ரஞ்சிதத்தின் 'ர'. பக்கத்தில் நின்று அவரே வெட்டச் சொன்ன எழுத்து.

வடை வாயிலேயே நின்றது. கையில் தங்கம் இருக்கிறது. அப்படியானால்... அவர் மெல்ல நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். மேடையில் இருந்து ரஞ்சிதமும் அவரைத்தான் பார்த்தாள். திருவிழாவில் தொலைந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது அவள் முகம். தங்க இலையைத் தானே தொலைத்துவிட்டதாகப் பயந்து அவளும் ஒரு வாரமாக இப்படித்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வேபரும் அவர் பார்த்த பக்கம் பார்த்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இருபத்தாறு வருட மானம் திரும்பக் கிடைத்த நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

"நான் அன்றைக்கே சொன்னேன், ஹெர் பாலா. என் கெல்லரில் களவு போகாது. என் நாலாம் நம்பர் இரண்டும், அதோ, உங்கள் மனைவியின் காதில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன."